கடைசிக் கட்டத்தில் திரும்பி வருகிறவள்

1956-இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இளையோருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றிய சட்டம், அந்த ஆண்டின் 93-ஆவது சட்டம். குற்றம், வன்முறை, கொடுமை, அருவருப்பான அல்லது பயங்கரமான நிகழ்ச்சி, இவற்றையே முக்கியமாகக் காட்டும் கதைகள் இருபது வயதுக்குட்பட்டவர்களின் மனதைக் கெடுக்கும் என்றால், அவற்றை விற்றாலும் அச்சிட்டாலும் ஆறு மாதம் வரை சிறை. கதை படத்தோடு இருந்தாலும் சரி, படமில்லாமல் இருந்தாலும் சரி.

நம் ஊரில் அன்றைக்கு அப்படி என்ன புத்தகம் வந்துகொண்டிருந்தது? தமிழில் அப்போது திகில் காமிக்ஸ் என்று ஒன்றுமே இல்லை. குழந்தைகள் கையில் இருந்தது 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்தின் சாயல் அப்படியே தெரியும். பிரிட்டன் பயந்தது அமெரிக்கப் படக்கதைகளைப் பார்த்து. ஆக, நியூயார்க்கில் சிலர் வரைந்த பேய்களுக்காக டெல்லியில் வேலி போட்டார்கள். அந்தப் பேய்களில் பாதிப் பேர் கொலையுண்ட மனைவிகளும் கொலை செய்த மனைவிகளும் என்பதை எந்தச் சட்டமன்றத்திலும் யாரும் ஒரு பொருட்டாகப் பேசியதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இதில் முக்கியமான விஷயம்.

அந்தப் புத்தகங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இ.சி. காமிக்ஸ் என்பது நியூயார்க்கில் இருந்த ஒரு சின்ன நிறுவனம். அப்பா காலத்தில் பைபிள் கதைகளைப் படமாகப் போட்டு விற்றது. 1947-இல் அப்பா இறந்ததும் மகன் வில்லியம் கெயின்ஸ் கைக்கு வந்தது. அவரும் ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் 1950-இல் ஒரு புதிய பாதையைப் பிடித்தார்கள். டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட், தி வால்ட் ஆஃப் ஹாரர், தி ஹாண்ட் ஆஃப் ஃபியர் ஆகிய மூன்றும் திகில். வியர்ட் சயின்ஸ், வியர்ட் ஃபேன்டஸி இரண்டும் அறிவியல் புனைகதை. தொடர்கதை கிடையாது, நாயகன் கிடையாது. ஒரு இதழில் நாலு கதை, ஒவ்வொன்றும் ஏழெட்டுப் பக்கம். கதை சொல்ல ஒரு பேய்த் தோற்றம் முன்னால் வந்து நிற்கும். கடைசிக் கட்டத்தில் எல்லாம் தலைகீழாகும்.

கதை சொல்லிகளில் ஒருத்தி பெண். 'கிழட்டுச் சூனியக்காரி'. கிரகாம் இங்கெல்ஸ் அவளை எச்சில் ஒழுகும் வாயோடும் பிதுங்கிய ஒற்றைக் கண்ணோடும் வரைவார். அலுவலகத்தில் இருந்த பெண் மேரி செவெரின், வண்ணம் தீட்டுபவர். மிகக் கொடூரமான கட்டம் வந்தால் மேரி அதன்மேல் ஒரே அடர்நீலத்தைப் பூசி மறைத்துவிடுவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்களாம். அப்படியில்லை, காட்சிக்கு அது பொருந்தியதால் செய்தேன் என்பது அவருடைய பதில். தொழில் தெரிந்து செய்தாலும், பெண் செய்தால் அது 'மனசாட்சி' ஆகிவிடுகிறது.

இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் நடப்பது கல்லறையில் அல்ல, வீட்டுக்குள். 1954-இல் வந்த ஒரு கதையைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் இரவு. மனைவி கணவனைக் கொன்றுவிடுகிறாள். மாடியில் சிறுமி தூங்குகிறாள். வானொலியில் ஒரு செய்தி: கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பில் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிய ஒரு கொலைகாரன் அந்தப் பக்கம் திரிகிறான். அவன் இவள் வீட்டுச் சன்னலுக்கே வந்துவிடுகிறான். போலீசைக் கூப்பிட வேண்டும். கூப்பிட முடியாது, கூடத்தில் பிணம் கிடக்கிறது. கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிமிர்ந்தால், மகள் குதூகலமாகச் சொல்கிறாள், தாத்தா வந்திருக்கிறார், நான்தான் உள்ளே விட்டேன் என்று. அவ்வளவுதான் கதை. ஜானி கிரெய்க் வரைந்தது. 1972-இல் அது திரைப்படமாக வந்தபோது ஜோன் காலின்ஸ் அந்த மனைவியாக நடித்தார்.

அதே ஆண்டில் இன்னொன்று, 'அனாதை'. லூசி என்று பத்து வயதுப் பெண். குடிகார அப்பா, அன்பில்லாத அம்மா, அம்மாவுக்கு ஒரு காதலன். அப்பா சுடப்படுகிறார். அம்மாவும் காதலனும் மின்சார நாற்காலிக்குப் போகிறார்கள். லூசி அன்பான அத்தை வீட்டில் வளர்கிறாள். கடைசியில் நம்மைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சுட்டது தான்தான் என்று சொல்கிறாள்.

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு சிறார் குற்றங்கள் பற்றி விசாரணை நடத்தியது. லூசியின் கதையை அங்கே எடுத்து வைத்தார்கள். குழந்தை குற்றம் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்புகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. அந்த வீட்டில் பத்து வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்பதைப் பற்றிக் கதையில் பல கட்டங்கள் இருந்தன.

அந்த விசாரணையில் இன்று எல்லோரும் நினைவு வைத்திருக்கும் காட்சி வேறு. கிரைம் சஸ்பென்ஸ்டோரிஸ் இதழின் ஓர் அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினார் செனட்டர் கெஃபாவர். ஓர் ஆண் கோடரியுடன் நிற்கிறான். மறு கையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை, முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்திருந்தால் மோசமான ரசனை ஆகியிருக்கும் என்று விளக்கினார். மறுநாள் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கருத்துச் சுதந்திர வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் படித்த வரையில் இரண்டு தரப்பும் பேசியது தலையின் உயரத்தைப் பற்றி. வெட்டுப்பட்டது ஏன் எப்போதும் மனைவியின் தலையாக இருக்கிறது என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பதிப்பாளர்களே கூடி ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி கூடாது. இவற்றைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அதே தொகுப்பில் வேறு விதிகளும் உண்டு. காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். மணமுறிவை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது. போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மீது மரியாதை குறையும்படி எழுதக் கூடாது. ஆவிகளை விரட்டுகிற சாக்கில் குடும்பத்தையும் பூட்டி வைத்துக்கொண்டார்கள். செத்த மனைவி எழுந்து வருவது மட்டுமல்ல, உயிரோடிருக்கிற மனைவி எழுந்து போவதும் தடை.

அறிவியல் புனைகதைப் பக்கம் ஒரு கதையை விட்டுவிட மனமில்லை. 1953-இல் வந்த 'தீர்ப்பு நாள்'. ஜோ ஆர்லாண்டோ வரைந்தது. பூமியிலிருந்து ஒரு ஆய்வாளர் எந்திர மனிதர்களின் கோளுக்குப் போகிறார். அங்கே ஆரஞ்சு எந்திரங்கள், நீல எந்திரங்கள் என்று இரண்டு சாதி. உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றே. உறை மட்டும் வேறு. நீல எந்திரங்களுக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு, பஸ்ஸில் பின்பக்கம். நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கப்பலேறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர். இதை மறுபதிப்பு செய்ய முயன்றபோது விதித்தொகுப்பின் அலுவலகம் அந்த முகத்தை மாற்றச் சொன்னது. கெயின்ஸ் மறுத்துவிட்டார். அப்படியே அச்சிட்டார். அவர் போட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான். சேரியும் ஊரும் பிரிந்த நிலத்தில் இருந்துகொண்டு அந்தக் கதையைப் படிக்கும்போது நமக்கு விளக்கவுரை தேவையில்லை. கவசத்துக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் வந்திருக்கலாமே என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் கடலுக்கும் இந்த வகைக் கதையில் ஓர் இடம் உண்டு. 1870-இல் வெளிவந்து முடிந்த ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கதையில் கேப்டன் நெமோ மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்தில் இறங்குகிறான். அங்கே ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ குறுக்கே பாய்கிறான். பிறகு அவன் கையில் ஒரு பை முத்தைத் திணித்துவிட்டுப் போகிறான். ஏன் இப்படிச் செய்தான் என்பதற்கு முழு விடை அடுத்த நாவலில்தான் வருகிறது: நெமோ ஓர் இந்தியன், புந்தேல்கண்ட் இளவரசன் டக்கார், 1857-இல் வெள்ளையரை எதிர்த்துத் தோற்றவன். சில ஆண்டு இடைவெளி விட்டு வந்த திருப்பம். பிரமாதம்தான். ஆனால் அந்தக் கப்பலில் பெண் கிடையாது. சுவரில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படம் மட்டும் தொங்குகிறது. அதன் முன்னால் நெமோ மண்டியிட்டு அழுவான்.

முத்துக்குளித்த எங்கள் கரையிலும் பெண் படகில் ஏறவில்லை. ஆனால் அவள் கயிற்றில் இருந்தாள். குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் கூடப் பிறந்தவனாக இருப்பான், தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று சொல்வார்கள். இதை அன்பின் கதையாக மேடைதோறும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கேட்கும்போதெல்லாம் ஒரு திகில் கதையின் முதல் பக்கம் மாதிரிதான் இருக்கிறது. 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கதை மட்டும் கரையேறிவிட்டது.

இப்போது வேதாளத்துக்கு வருகிறேன். சட்டம் போட்ட ஆண்டில் நம் குழந்தைகள் அம்புலிமாமாவில் படித்துக்கொண்டிருந்தது என்ன? மரத்தில் தொங்கும் பிணம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் ராஜா. பிணத்துக்குள்ளிருந்து பேசும் பேய். இதழ்தோறும் ஒரு கதை, முடிவில் ஒரு புதிர். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்க்காத வீடு குறைவு. கிரிப்ட் கீப்பர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் கதை சொல்லும் பிணம் இருந்தது. அதை யாரும் தீங்கான வெளியீடு என்று சொல்லவில்லை.

வேதாளக் கதைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோயிலில் கணவனும் அண்ணனும் தங்கள் தலைகளைத் தாங்களே வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். தேவி மனமிரங்கி, தலைகளை ஒட்டவை, உயிர் வரும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறாள். பதற்றத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. இப்போது யார் இவள் கணவன்? வேதாளம் கேட்கிறது. உடம்பில் முதன்மையானது தலை, ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்கிறான் ராஜா. சரியான பதில், வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. தாமஸ் மன்னும் கிரிஷ் கர்னாடும் இதிலிருந்து பெரிய படைப்புகளை எடுத்தார்கள். கர்னாட் அந்தப் பெண்ணின் ஆசையைப் பேச வைத்தார். மூலக் கதையில் கேள்வி கேட்பது பேய், பதில் சொல்வது ராஜா. தலையை ஒட்டிய கை அவளுடையது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அமெரிக்க செனட்டின் அறைக்கும் இந்தச் சுடுகாட்டுக்கும் அவ்வளவு தூரமில்லை என்று தோன்றுகிறது. இரண்டு இடத்திலும் பேச்சு தலையைப் பற்றி.

ஆனால் தென் மாவட்டங்களில் வேறொரு கதை உண்டு. நீலி கதை. ஊருக்கு ஊர் மாறும். வில்லுப்பாட்டில் கேட்டதன் சாரம் இது. நகைக்கு ஆசைப்பட்டு, நம்பிய ஆணே அவளைக் கொல்கிறான். காட்டில் ஆள் அரவமில்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு அவள் சாகிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகத் தொடர்கிறாள். அவன் கையில் மந்திரக் கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஒரு கள்ளிக்கிளையை ஒடிக்கிறாள், அது குழந்தையாகிறது. இடுப்பில் குழந்தையோடு ஊர்ச்சபையில் போய், என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்று முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. இவள் பேய் என்று அவன் அலறுகிறான். மனைவியைப் பேய் என்கிற கணவன் ஊருக்குப் புதிதா? சபை நம்பவில்லை. கத்தியை வைத்துவிட்டு அவளோடு இரவு தங்கச் சொல்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எழுபது பேரும் தீயில் இறங்குவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். பழையனூர் வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

கடைசிக் கட்டத் திருப்பம் என்றால் இதுதான். கொலைக்குச் சாட்சியாக நின்ற செடியே குழந்தையாக வந்து பொய்ச்சாட்சி சொல்கிறது. கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் நாலு வருஷம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் எழுதிய கதைகளில் இவ்வளவு கச்சிதமான பழிவாங்கல் குறைவு. ஒரு பெண்ணின் உண்மையைக் கேட்க வக்கில்லாத சபை, அவள் பொய்யை அப்படியே நம்பி அழிந்துபோகிற அழகையும் பாருங்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. இ.சி. கதையில் திரும்பி வந்த பிணம் பழியைத் தீர்த்ததும் கிழட்டுச் சூனியக்காரி இளித்துக்கொண்டு அடுத்த இதழுக்கு விளம்பரம் சொல்வாள். பிணத்தின் கணக்கு முடிந்தது. எங்கள் பக்கம் நீலி முடியவில்லை. இசக்கியாகிக் கையில் பிள்ளையோடு நிற்கிறாள். தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வரை எத்தனை இசக்கியம்மன் கோயில்! உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கோயில் உண்டு. சின்ன வயதில் அதைக் கடக்கும்போது, பேய்க் கோயில் என்று சொன்னேன். ஆச்சி தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஏட்டி, பேயின்னா சொல்லுத? அவளைக் கொன்னவனைக் கேக்க நாதியில்ல. அவ கேட்டா, அது பேயா?" பள்ளிக்கூடம் போகாதவள். அந்தக் காலத்துச் சட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தமிழில் நிஜமாகவே திகில் காமிக்ஸ் வந்தது முப்பது வருஷம் கழித்து, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிவகாசியிலிருந்து. முத்து காமிக்ஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. பிரிட்டனின் பிளீட்வே நிறுவனக் கதை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன். 1984-இல் விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஒரு பெண்ணை நாயகியாக வைத்துத் தொடங்கியது என்பதைத் தமிழ்க் காமிக்ஸ் வரலாறு பேசுகிறவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு ஸ்பைடருக்குத் தாவிவிடுவார்கள். 1986-இல் திகில் காமிக்ஸ். துண்டு துண்டான கதைகள், கடைசியில் திடுக்கிடல், இ.சி. போட்ட அதே பாதை. கதை சொல்ல 'கறுப்புக் கிழவி' வருவாள். பயமுறுத்த வேண்டுமென்றால் கறுப்பு, கிழடு, பெண், இந்த மூன்றும் சேர்ந்தால் போதும் என்ற கணக்கு நியூயார்க்கிலும் சிவகாசியிலும் ஒன்றுதான். ஆனாலும் எனக்கு அவளைப் பிடிக்கும். ஆச்சி சாயல்.

சிவகாசி அச்சகங்களில் தாளை மடித்தது, அடுக்கியது, பின் அடித்தது பெரும்பாலும் பெண்கள். புத்தகம் போய்ச் சேர்ந்தது பையன்களிடம். எங்கள் தெரு வாடகை நூல்நிலையத்தில் அண்ணாச்சி காமிக்ஸ் கட்டை என் பெயரில் எழுத மாட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு? ராத்திரி பயந்து காய்ச்சல்ல விழவா? அண்ணனை வரச் சொல்லு." அம்மாவுக்கு ரமணிசந்திரன் வாங்கிப் போகலாம், தடையில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாயகனிடம் அறை வாங்கும் நாயகிகளைப் படித்தால் காய்ச்சல் வராது போல.

சிவகாசி உரிமை வாங்கிய அதே பிளீட்வேயின் குடும்பத்தில் சிறுமிகளுக்கென்றே ஒரு திகில் வார இதழ் இருந்தது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். மிஸ்டி. 1978 பிப்ரவரியிலிருந்து 1980 ஜனவரி வரை 101 இதழ். பேட் மில்ஸ் என்பவரின் யோசனை. கதை சொல்லியை ஷெர்லி பெல்வுட் என்ற பெண் ஓவியர் வரைந்தார். கிழவி அல்ல, நிலவொளியில் நிற்கும் இளம்பெண். ஜூலியா ரவுண்ட் 2019-இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஆசையோடு தேடிப் படித்தேன். சில தொடர்கள் அருமை. கொடுமைப்படுத்தும் தாயிடமிருந்து மன ஆற்றலால் மீளும் பெண் இருக்கிறாள். ஆனால் நாலு பக்கச் சிறுகதைகளில் பல, பெண்ணுக்கு வைத்த பொறி. அழகில் கர்வம் கொண்டவள், பொறாமைப்பட்டவள், பெரியவர் சொல் கேளாதவள் என ஒவ்வொருத்திக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரு கண்ணாடியோ பொம்மையோ பூச்சியோ காத்திருக்கும். பேயே ஆசிரியை வேலை பார்க்கிறது. இ.சி.யின் லூசி கண்ணடித்துத் தப்பினாள். கால் நூற்றாண்டுக்குப் பின் சிறுமிகளுக்கான இதழில் சிறுமி தப்புவது அரிதாகிவிட்டது.

தமிழ்க் காமிக்ஸ் பற்றி எழுதப்படுபவை அனேகமாக ஆண்களின் பால்யம். எந்தக் கடையில் எந்த இதழ் கிடைத்தது, அப்பா எப்படி அடித்தார், இப்போது அந்த இதழ் என்ன விலை. அதில் குறையில்லை, அவர்கள் சேர்த்து வைத்ததால்தான் இதழ்களே மிஞ்சின. எங்களிடம் இதழ் கிடையாது. அண்ணன் தூங்கிய பிறகு அரை மணி நேரம் கையில் இருக்கும், காலையில் திரும்பிப் போய்விடும். ஆகவே நாங்கள் அதைச் சொன்னோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் டிபன் பெட்டியை மூடிவிட்டு ஒருத்தி ஆரம்பிப்பாள். கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட கர்வக்காரி கதையை ஒரு நாள் கேட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொருத்தி அதையே சொன்னபோது, கண்ணாடி உள்ளேயிருந்து உடைந்து அவள் வெளியே வந்துவிட்டாள். வேறொருத்தி சொன்னபோது அவளை உள்ளே தள்ளிய சித்தி மாட்டிக்கொண்டாள். எந்த முடிவு அச்சில் இருந்தது என்று எங்களில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. புத்தகம் அண்ணன்மாரிடம் இருந்தது.